வலிக்கு ஒட்டும் மருந்து: பொத்தானை யார் அமுக்கலாம், பிளாஸ்டரை யாருக்கு ஒட்டலாம்?

வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் வலிதான் பெரிய பகை. வலிக்குப் பயந்து இருமாமலும் எழுந்து நடக்காமலும் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். பரசிற்றமோல், டைக்ளோபினக் போன்றவற்றுக்கு அடங்காத வலிக்கு மோர்பின், பென்டனில் வகை மருந்துகள் தேவைப்படுகின்றன. அளவு மிஞ்சினால் இவை மூச்சையே மந்தமாக்கிவிடும்.

பென்டனிலைத் தோல் வழியாகக் கொடுக்க இரண்டு வகை ஒட்டுகள் உருவாயின. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

முதலாவது, பொத்தான் வைத்த ஒட்டு. 'அயோன்சிஸ்' என்ற பெயரில் 2006இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் இதற்கு அனுமதி கொடுத்தன. மேற்கையிலோ நெஞ்சிலோ ஒட்டிவிடுவார்கள். வலிக்கும்போது நோயாளி பொத்தானை அமுக்கினால், மெல்லிய மின்னோட்டம் 40 மைக்ரோகிராம் மருந்தைப் பத்து நிமிடத்தில் தோலுக்குள் தள்ளும். அந்தப் பத்து நிமிடமும் எத்தனை தரம் அமுக்கினாலும் மேலதிகமாக வராது. 24 மணித்தியாலத்துக்கு உச்ச அளவு 80 தடவை. வைத்தியசாலைக்குள் மட்டுமே பாவிக்க அனுமதி இருந்தது. வீட்டுக்குப் போகுமுன் கழற்றிவிட வேண்டியிருந்தது. உள்ளே ஒரு பாகம் துருப்பிடித்தால் யாரும் அமுக்காமலே மருந்து பாயக்கூடும் என்று தெரியவந்ததால் 2008இல் ஐரோப்பாவில் திரும்பப் பெறப்பட்டது. திருத்திய வடிவம் 2015இல் வந்தது. 2017இல், வியாபாரம் கட்டுபடியாகாமல், அமெரிக்காவில் அதன் விற்பனையும் நின்றுபோனது.

கருவி போனாலும் அதன் விதி இருக்கிறது. பொத்தானை அமுக்கி ஊசி மருந்தை ஏற்றிக்கொள்ளும் பம்புகளுக்கும் அதே விதிதான்: நோயாளியைத் தவிர வேறு யாரும் பொத்தானைத் தொடக்கூடாது. மருந்து கூடினால் நோயாளிக்குத் தூக்கம் வரும், தூங்குகிறவர் அமுக்கமாட்டார், தானாகவே மருந்து நிற்கும். முக்கியமான பாதுகாப்பு இந்தத் தூக்கத்தில்தான் அடங்கியிருக்கிறது. "பிள்ளை முனகுகிறாளே" என்று பக்கத்தில் நிற்கும் தாய் இரக்கப்பட்டு ஒருமுறை அமுக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உறவினரோ தாதியோ இப்படி அமுக்கியதால் நோயாளிகள் இறந்ததைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு 2004இலேயே எச்சரிக்கை விட்டது.

இரண்டாவது வகை, பொத்தான் இல்லாத சாதாரண பிளாஸ்டர். ஒன்றை ஒட்டினால் மூன்று நாள் மருந்து கசிந்துகொண்டே இருக்கும். மோர்பின் போன்ற மருந்துக்கு உடம்பு ஏற்கனவே பழகிய புற்றுநோயாளிகள் போன்றோருக்கு உரியது இது. சத்திரசிகிச்சை வலிக்குக் கூடவே கூடாது. ஒட்டிய பிறகு மருந்து இரத்தத்தில் முழுமையாக ஏற 12 முதல் 24 மணித்தியாலம் வரை ஆகும். வலி குறைந்த நேரத்தில் மருந்து கூடி நிற்கும். கழற்றினாலும் பாதியாகக் குறையச் சுமார் 17 மணித்தியாலமோ அதற்கு மேலோ செல்லும். பழகாத உடம்பு அதற்குள் மூச்சு விடுவதையே நிறுத்திவிடலாம்.

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களிலிருந்து இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ சிகிச்சைக்குப் போய் லயத்துக்குத் திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பக்கத்துக் காம்பராவில் புற்றுநோய்க்காரருக்குக் கொடுத்த பிளாஸ்டர் மிச்சம் இருக்கிறதென்று, தையல் வலிக்கோ கொழுந்துக்கூடை சுமந்த முதுகுவலிக்கோ வாங்கி ஒட்டாதீர்கள். பார்வைக்குக் கடையில் விற்கும் வலிப் பிளாஸ்டர் போலவே இருக்கும். பென்டனில் மோர்பினைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு வீரியமுள்ளது.

வைத்தியரே எழுதிக் கொடுத்தவர்களும் அதன்மேல் ஒத்தடம் கொடுக்கக்கூடாது, தைலம் பூசக்கூடாது, அடுப்படியில் குளிர்காயக்கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும். கடும் காய்ச்சலும் அதையே செய்யும். சாராயம், கசிப்பு, தூக்கமாத்திரை எதுவும் சேரக்கூடாது. பழையதைக் கழற்றாமல் புதியதை ஒட்டக்கூடாது. வியர்வையில் ஓரம் கிளம்பினால் வெறும் டேப்பால் ஓரத்தை ஒட்டலாம். கத்தரியால் வெட்டிச் சிறிதாக்கக்கூடாது.

பாவித்து முடிந்த பிளாஸ்டரில் மருந்து கணிசமாக மிஞ்சியிருக்கும். அதைக் கானில் எறிந்தால் பிள்ளைகள் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள், வாயில் வைப்பார்கள். பிள்ளைகள் தற்செயலாக இதில் சிக்கிய 26 சம்பவங்களை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012இல் வெளியிட்டது. அவற்றில் 10 பிள்ளைகள் இறந்திருந்தார்கள். 16 பேர் இரண்டு வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்திருந்து, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வைத்தியசாலையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொன்னது விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வரவேண்டாம். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், இழுத்து இழுத்து விடும் மூச்சு, நீலம்பாரித்த உதடு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிளாஸ்டரைக் கழற்றிவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். தோட்ட வைத்திய உதவியாளருக்கும் சொல்லுங்கள். நெலொக்சோன் என்ற மாற்று ஊசியால் மூச்சைத் திருப்பலாம். ஆனால் அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், தோலில் தேங்கிய பென்டனில் தீராது. கண் விழித்துவிட்டார் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிப்போகாமல், வைத்தியர் விடும்வரை குறைந்தது ஒரு நாளாவது வாட்டிலேயே வைத்திருங்கள்.