விண்ட்சரா, கிரெட்டா எலக்ட்ரிக்கா? தாம்பரத்துக் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

(அத்தியாயத்தின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம். திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த வாரக் கேள்வி சேலையூரிலிருந்து வந்திருக்கு. கணவன், மனைவி, ரெண்டு பிள்ளைங்க, முழங்கால் வலியோட இருக்கிற அம்மா. வேலை சோழிங்கநல்லூரில். சொந்த ஊர் கோவில்பட்டி, வருஷத்துக்கு நாலு தடவை போவாங்க. பழைய பெட்ரோல் காரை வித்துட்டு எலக்ட்ரிக் வாங்கப்போறாங்க. வீட்டுக்கு அந்த ஒரு கார்தான். எம்.ஜி. விண்ட்சரா, ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கா? இதுதான் கேள்வி.

முதலில் ஒண்ணு சொல்லிடறேன். காரைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி பிளக் பாயிண்டைப் பத்திப் பேசணும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் எட்டு வீடு, பன்னெண்டு வீடு உள்ள அடுக்ககங்கள்தான் அதிகம். கீழே கார் நிறுத்தற இடம், மாடிப்படி ஓரமா மீட்டர் பெட்டி. உங்க மீட்டரிலிருந்து உங்க பார்க்கிங் இடத்துக்கு வயர் இழுக்க சங்கம் சம்மதிக்கணும். அதை எழுத்தில் வாங்கினதுக்கு அப்புறம் காருக்கு அட்வான்ஸ் கட்டுங்க. குரோம்பேட்டை சந்துகளில் வாசல்ல, தெருவில் நிறுத்தறவங்க, வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவங்க, இந்த ரெண்டு காரையுமே வாங்காதீங்க என்பதுதான் என் கருத்து. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் பல இடங்களில் யூனிட் 20 ரூபாய்க்கு மேலே போகுது. எலக்ட்ரிக் காரோட லாபமே வீட்டு கரண்ட்டில்தான் இருக்கு.

பேட்டரியை கிலோவாட் ஹவர்னு சொல்றாங்க. பயப்பட வேண்டாம், அது நம்ம ஈ.பி. யூனிட்தான். 2024 செப்டம்பரில் வந்த விண்ட்சரில் 38 யூனிட் பேட்டரி. 2025 மே மாதம் வந்த விண்ட்சர் புரோவில் 52.9 யூனிட். 2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலக்ட்ரிக்கில் 42, 51.4 என்று ரெண்டு வகை. அறிமுகத்தின்போது கம்பெனிகள் சொன்ன ரேஞ்ச், விண்ட்சருக்கு 332, புரோவுக்கு 449, கிரெட்டாவுக்கு 390, 473 கிலோமீட்டர். இதெல்லாம் சோதனைக்கூடத்துக் கணக்கு. ஏசி போட்டு, அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான், 90 வேகத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் போனா யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர்னு வச்சிக்கோங்க. ஊருக்குள்ள ஏழு, ஏழரை வரும். பிரேக் போடும்போதெல்லாம் கொஞ்சம் கரண்ட் திரும்ப ஏறும் இல்லையா, அதனால்.

இப்போ தினசரி ஓட்டம். சேலையூரிலிருந்து மேடவாக்கம் வழியா சோழிங்கநல்லூர் போய்த் திரும்பினா, சுத்துவேலையெல்லாம் சேர்த்து 40 கிலோமீட்டர். ஆறு யூனிட் கூட ஆகாது. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் ரெண்டு மணி நேரத்தில் ஏறிடும். எர்த் மட்டும் ஒழுங்கா இருக்கணும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பெரிய 7.4 கிலோவாட் சார்ஜருக்காக மின்வாரியத்தில் லோடு ஏத்தி அலைய வேண்டிய அவசியம் இவங்களுக்கு இல்லை. ஆக, தினசரி வேலைக்கு 38 யூனிட் விண்ட்சரே தாராளம். சிக்கல் எல்லாம் கோவில்பட்டி ரோட்டில்தான்.

தாம்பரத்திலிருந்து கோவில்பட்டி சுமார் 530 கிலோமீட்டர். 38 யூனிட் வண்டியில் முழு சார்ஜோட கிளம்பி, பத்து சதவீதம் மிச்சம் வச்சா 220 கிலோமீட்டர். அதுக்கப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 80 சதவீதம் வரைக்கும்தான் வேகமா ஏறும், அது 170 கிலோமீட்டர் ஓடும். அப்படின்னா உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு தடவை, துவரங்குறிச்சிப் பக்கம் இன்னொரு தடவை. அதுவும் நூல் பிடிச்ச மாதிரிதான் போய்ச் சேரும். நிம்மதி வேணும்னா மூணாவதா ஒரு இருபது நிமிஷம். பெரிய பேட்டரி, அது கிரெட்டாவோ புரோவோ, திருச்சி வரை ஒரே மூச்சு. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு, கொஞ்சம் கூடவே சார்ஜ் போட்டா நேரா ஊர். ஒரு மணி நேரத்துக்கு மேல மிச்சமாகும். ஆனா நேரத்தைவிட முக்கியமானது வரிசை. பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் நிக்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கீங்க. அந்தக் கூட்டத்தில் எலக்ட்ரிக் கார்களும் கூடிக்கிட்டே போகுது, விக்கிரவாண்டியிலோ உளுந்தூர்பேட்டையிலோ சார்ஜர் எண்ணிக்கை அந்த ஒரு நாளுக்காகப் பெருகாது. ரெண்டு தடவை வரிசையில் நிக்கறதுக்கும் ஒரு தடவை நிக்கறதுக்கும் வித்தியாசம், பின்சீட்டில் முழங்கால் வலியோட உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குத்தான் தெரியும்.

அதனால் வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போறவங்க சின்ன பேட்டரியை மறந்துடலாம். ஒரு தடவை போறவங்க, அதுவும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துக்கத் தயாரா இருக்கிறவங்க, பணத்தை மிச்சம் பண்ணலாம்.

பணம்னு வந்தாச்சு, விண்ட்சரோட பேட்டரி வாடகைத் திட்டத்தைப் பார்த்துடுவோம். அறிமுக நேரத்தில் பேட்டரியோட விலை 13.50 லட்சம், பேட்டரி இல்லாம 9.99 லட்சம், ஓட்டற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றரை ரூபாய். வித்தியாசம் 3.51 லட்சம். மூன்றரையால் வகுத்தா ஒரு லட்சம் கிலோமீட்டர். அதுவரைக்கும் வாடகை லாபம் மாதிரி தெரியும், அதுக்கப்புறம் கட்டறதெல்லாம் கூடுதல்.

இன்னொரு கணக்கும் போடுங்க. மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினா, சார்ஜ் ஏத்தறதில் வீணாகறதையும் சேர்த்து ரெண்டு மாச பில்லில் 320 யூனிட் கூடும். ஏசி ஓடற வீட்டில் ஏற்கெனவே 500 யூனிட் வருதுன்னா, அதுக்கு மேல யூனிட் 8 ரூபாய்க்கு மேலே தொடங்கி 10 ரூபாயைத் தாண்டும். மொத்தம் சுமார் 3,200 ரூபாய் அதிகமா வரும். அதே தூரத்துக்குப் பெட்ரோல், லிட்டருக்கு 13 கிலோமீட்டர்னு வச்சா, 15,000 ரூபாய்க்கு மேலே. ரெண்டு மாசத்துக்கு 12,000 மிச்சம். அதில் பேட்டரி வாடகை 7,000 போயிடும்! கையில் பணம் இருந்தா பேட்டரியோட வாங்கறதுதான் நல்லது. வாடகைதான் வேணும்னா, குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர்னு மாசாமாசம் கட்டணுமான்னு ஒப்பந்தத்தில் படிச்சுப் பாருங்க.

இனி பெரிய பேட்டரி ரெண்டையும் பக்கத்துல வைப்போம். கிரெட்டா 4,340 மில்லிமீட்டர் நீளம், விண்ட்சர் 4,295. வெளியிலிருந்து பார்த்தா கிரெட்டாதான் பெரிசு. ஆனா முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் விண்ட்சரில் 2,700, கிரெட்டாவில் 2,610. அந்த இடம் முழுக்க பின்சீட்டு காலடியில் கிடைக்குது. தரை சமமா இருக்கு, சீட்டு நல்லா சாயும். டிக்கியும் புரோவில் 579 லிட்டர், கிரெட்டாவில் 433. ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், கடலைமிட்டாய் எல்லாம் எங்கே போகும்னு யோசிங்க.

கிரெட்டாவோட பலம் ஓட்டுறவருக்கு. 171 குதிரைத்திறன், விண்ட்சருக்கு 136. லாரியை முந்தும்போது அந்த வித்தியாசம் தெரியும். ஹைவேயில் பிடிப்பும் அதிகம். ஏசிக்கு, பாட்டுக்குத் தனித்தனி பட்டன் இருக்கு. விண்ட்சரில் கண்ணாடி திருப்பறதுக்கும் திரையைத்தான் தொடணும், எனக்கு அது பிடிக்கலை. உயர்ந்த வகையில் வர்ற கண்ணாடிக் கூரையும் அப்படித்தான். மே மாசத்து வண்டலூர் வெயிலுக்கு அது எதுக்கு? தென்மாவட்டங்களில் சர்வீஸ் சென்டரும் ஹூண்டாய்க்குத்தான் அதிகம். கிரெட்டா நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தயாரிப்பு, விண்ட்சர் குஜராத் ஹாலோலில் இருந்து வருது. அந்தப் பெருமைக்காக லட்சக்கணக்கில் கூடக் கொடுக்க வேண்டாம். அறிமுக விலையில் புரோ 17.49 லட்சம், பெரிய பேட்டரி கிரெட்டா 21.50 லட்சத்தில் ஆரம்பம். இதெல்லாம் ஷோரூம் விலை. வாங்கற அன்னைக்கு என்ன விலைன்னு புதுசா கேட்டுக்கோங்க.

பேட்டரியின் ரகமும் வேற. விண்ட்சரில் இருக்கிறது எல்.எஃப்.பி. என்கிற இரும்பு பாஸ்பேட் வகை. கனம் ஜாஸ்தி, ஆனா சூட்டைத் தாங்கும், அடிக்கடி முழுசா சார்ஜ் போட்டாலும் பெரிசா பாதிக்காது. கிரெட்டாவில் நிக்கல் கலந்த என்.எம்.சி.; அதே எடையில் அதிக கரண்ட் பிடிக்கும், ஆனா தினமும் 80 சதவீதத்தோட நிறுத்தறது நல்லது. உத்தரவாதம் கிரெட்டாவுக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். விண்ட்சரில் முதல் உரிமையாளருக்கு ஆயுள் முழுக்க. வித்துட்டா அந்தச் சலுகை வாங்கினவருக்கு அப்படியே போகாது.

சேலையூர் குடும்பத்துக்கு என் ஓட்டு விண்ட்சர் புரோ, பேட்டரியோட சேர்த்து. அம்மா வரலை, ஒருத்தரே ராத்திரியில் நீண்ட தூரம் ஓட்டறார்னா கிரெட்டா.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்திலிருந்து கேட்கிறவங்களுக்கு மட்டும் இன்னும் ரெண்டு விஷயம். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அடையாறு என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 தரம்னா ஒரு மீட்டர் தண்ணியில் அரை மணி நேரம் தாங்கும்னுதான் அர்த்தம். ரெண்டு நாள் மூழ்கி நிக்கலாம்னு இல்லை. வேளச்சேரிக்காரங்க மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தற மாதிரி, மழை எச்சரிக்கை வந்ததும் மேடான இடத்துக்குக் கொண்டு போயிடுங்க. அதுக்கு முன்னாடி முழுசா சார்ஜ் போட்டுடுங்க. கிரெட்டாவிலும் விண்ட்சர் புரோவிலும் காரிலிருந்து கரண்ட் வெளியே எடுக்கும் வசதி இருக்கு. ஒரு ஃபிரிட்ஜ், மூணு ஃபேன், கொஞ்சம் விளக்கு, செல்போன் எல்லாம் சேர்ந்து நாளுக்கு நாலஞ்சு யூனிட்தான். வீட்டு வாசல்ல தண்ணி ஏறாத இடமா இருந்து, கரண்ட் மட்டும் போச்சுன்னா, ஒரு வாரம் ஓட்டிடலாம். அதுக்கான அடாப்டர் விலையில் சேர்ந்திருக்கா, தனியா வாங்கணுமான்னு ஷோரூமிலேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கோங்க.