சுவரொட்டியும் பதினைந்து விநாடியும்

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் புதுச்சேரியில் வயதுவந்தோர் படத்துக்கு விளம்பரம் என்றால் அது சுவரொட்டிதான். மைதா மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசையை வாளியில் எடுத்துக்கொண்டு, விடியுமுன் சைக்கிளில் வருபவர் ஒட்டிவிட்டுப் போவார். காமராஜர் சாலையிலும் அண்ணா சாலையிலும் கடைகள் திறக்கும்போது தாள் காய்ந்திருக்கும். நடுவில் ஒரு பெண்ணின் முகம், மூலையில் 'ஏ' என்ற எழுத்து, அடியில் 'தினசரி காலைக் காட்சி'. இன்று அதே வேலையைச் செய்வது கைபேசியில் ஓடும் ஒரு சிறு காணொலி. அதற்கு ஆளும் வேண்டாம், பசையும் வேண்டாம். காணொலியில் தோன்றும் பெண்ணே பெரும்பாலும் அதை எடுத்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து வெளியிட்டுவிடுகிறார்.

அன்றைய சுவரொட்டிகளில் அதிகம் தெரிந்த முகம் ஷகிலாவுடையது. சென்னைப் பெண், பெயர் வாங்கிக் கொடுத்தது மலையாளம். 2000இல் 'கின்னாரத்தும்பிகள்' வெளிவந்த பிறகு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு அந்த வகைப் படங்கள் தமிழில் குரல் மாற்றப்பட்டு இங்கும் ஓடின. அவற்றில் பல காட்சிகளில் இருந்தது தான் இல்லை, தன் பெயரில் நடித்த வேறொருவர் என்று அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தணிக்கைக்குப் போகாத துண்டுகளை இடையில் ஒட்டி ஓட்டியதால்தான் அவை 'பிட்டுப் படம்' ஆயின. முகம் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது, வசூல் மூன்றாமவருடையது. நடித்தவருக்குக் கிடைத்தது ஒருமுறைச் சம்பளம். அதையும் குடும்பத்தார் கையாண்டார்கள், தனக்கு மிஞ்சவில்லை என்று ஷகிலா வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவருக்கு முன் சுவர்களை நிறைத்த சில்க் ஸ்மிதா 1996 செப்டம்பரில் இறந்தார். அவர் முகத்தைப் போட்டு அரங்கு நிறைத்தவர்கள் அதன் பிறகும் அந்தப் படங்களை ஓட்டிச் சம்பாதித்தார்கள்.

இன்றைய கணக்கு வேறு. 2016இல் லண்டனில் தொடங்கிய ஒன்லிஃபேன்ஸ் போன்ற தளங்களில், பார்ப்பவர் மாதச் சந்தா கட்டுகிறார். நூறு ரூபாய் வந்தால் இருபது தளத்துக்கு, எண்பது படைத்தவருக்கு. எதை எடுப்பது, எதை எடுக்காமல் இருப்பது, எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்பவரும் அவரே. இடையில் தயாரிப்பாளர் இல்லை, விநியோகஸ்தர் இல்லை. சில்க் ஸ்மிதாவுக்குக் கிடைக்காத பங்கு இது. பெண்ணின் உழைப்புக்குப் பெண்ணிடமே காசு வந்து சேர்வதை நான் சிறிய மாற்றமாக நினைக்கவில்லை.

ஆனால், அரங்குக்கு இருந்தது போலத் தெருமுனை இந்தத் தளங்களுக்குக் கிடையாது. போகிற போக்கில் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஆளை வெளியிலிருந்துதான் அழைத்து வரவேண்டும். அந்த வெளி, ஆறேழு ஆண்டுகளாகக் குறுங்காணொலியாக இருக்கிறது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆபாசத்தையும் குழந்தைகளின் பாதுகாப்பையும் காரணம் காட்டி, டிக்டாக்கைப் பதிவிறக்கத் தடை விதித்தது. அம்மாதம் 24ஆம் தேதி தடை விலகியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் ஒரேயடியாகப் போனது. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் தொடங்கியது. அன்று அதன் நீளம் 15 விநாடி. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு கடை மூடியதும் பக்கத்தில் இரண்டு திறந்தன.

முறையைப் பாருங்கள். நிர்வாணத்தையோ பாலியல் அழைப்பையோ இன்ஸ்டாகிராம் விதிகள் அனுமதிப்பதில்லை. அதனால் விளம்பரக் காணொலியில் முழுச் சேலைதான் இருக்கும். புடவைக் கொசுவம் வைப்பது, உடற்பயிற்சி, ஒரு பாட்டுக்கு வாயசைப்பு, கண்ணாடி முன் ஒரு திரும்பல். முதல் இரண்டு, மூன்று விநாடிக்குள் விரல் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அடுத்தவருக்கு அது போய்ச் சேராது. விலை, தளத்தின் பெயர் எதுவும் காணொலியில் இருக்காது. பயோவில் ஒரு லிங்க் இருக்கும். அதைத் தொட்டால் இன்னொரு பக்கம். அங்கிருந்து கட்டணத் தளம். அன்று சுவரொட்டி படத்தில் இல்லாததையும் காட்டியது. இன்று ரீல், விற்பனைக்கு இருப்பதைக்கூடக் காட்டுவதில்லை.

சுவரொட்டியைப் பார்ப்பதற்கு ஊரே இருந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளையும், கோயிலுக்குப் போகும் பாட்டியும், அரங்குக்குப் போகிறவரும் ஒரே தாளைத்தான் பார்த்தார்கள். அதனால் கோபமும் பொதுவில் வந்தது. தமிழகத்தில் மாதர் அமைப்புகள் ஆபாசச் சுவரொட்டிகள்மேல் தார் பூசிப் போராடின. காவல்துறை சொன்னால் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்தார்கள். புதுச்சேரியில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. இன்று ஒவ்வொரு கைபேசியும் ஒரு தனிச் சுவர். அப்பா கையில் இருப்பதில் என்ன ஓடுகிறது என்பது மகனுக்குத் தெரியாது. மகன் கையில் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. 'ஏ' படத்துக்கு வாசலில் சீட்டுக் கிழிப்பவராவது முகத்தைப் பார்த்து வயதைக் கேட்டார். இன்ஸ்டாகிராமில் 13 வயதானால் கணக்குத் தொடங்கலாம். பதின்வயதினருக்கென்று கட்டுப்பாடுள்ள கணக்கு இந்தியாவுக்கு வந்தது 2025 பிப்ரவரியில்தான். ரீல்ஸ் வந்ததற்கும் அதற்கும் இடைப்பட்ட நாலரை ஆண்டுகளில் அந்த வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை.

வெட்கமும் இடம் மாறியிருக்கிறது. அன்று காலைக் காட்சிக்குப் போனவர், விளக்கு அணைந்த பிறகு உள்ளே போய், விளக்கு எரியுமுன் வெளியே வந்தார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் பார்வையாளருடையது. இன்று அவர் போர்வைக்குள் படுத்தபடி பொய்ப் பெயரில் பார்க்கிறார். பயம் முழுவதும் அந்தப் பெண்ணின் பக்கம் வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாம் சேர்த்தே இந்த ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953. ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நடந்தது அந்தப் பக்கம் தெரிய ஒரு மாலை போதும். கட்டணத் தளத்தில் குறிப்பிட்ட நாட்டவர் பார்க்காதபடி தடுக்க வழி உண்டு. ஆனால் ரீல் பரவுவதற்கென்றே போடப்படுவது. அது பக்கத்துத் தெருவுக்கும் போகும், உறவுக்காரரின் கைக்கும் போகும். சுவரொட்டி இரண்டு மழையில் கரைந்தது. காணொலி கரையாது.

எல்லையால் பலன் கண்ட ஊர் இது. 1908இல் பிரிட்டிஷ் இந்தியாவில் நடத்த முடியாத 'இந்தியா' பத்திரிகை இங்கு வந்து அச்சானது. பிரெஞ்சு ஆட்சி என்பதால் சென்னைக் காவல்துறையின் கை இங்கு நீளவில்லை. இணையத்துக்கு அந்த எல்லை இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் தமிழக எல்லையான கோரிமேட்டுக்கு இப்புறமும் அப்புறமும் ஒன்றுதான். அதன் 67ஏ பிரிவின்படி, வெளிப்படையான பாலியல் காட்சியை மின்னணு வழியில் வெளியிட்டால் முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். நடித்தவர் சம்மதித்தாரா, பார்த்தவர் வயதுவந்தவரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

விளம்பரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. 2024 மார்ச் 14 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 18 ஓடிடி தளங்களை முடக்கியபோது, அவற்றின் 57 சமூக ஊடகக் கணக்குகளையும் சேர்த்தே முடக்கியது: ஃபேஸ்புக்கில் 12, இன்ஸ்டாகிராமில் 17, எக்ஸ் தளத்தில் 16, யூடியூபில் 12. முன்னோட்டத் துண்டுகளையும் லிங்க்குகளையும் அவற்றில் போட்டு ஆளைத் தளத்துக்கு இழுத்தார்கள் என்று அமைச்சகம் சொன்னது. அந்தக் கணக்குகளைப் பின்தொடர்ந்தவர்கள் 32 லட்சத்துக்கும் மேல். 2025 ஜூலையில் மேலும் 25 தளங்கள் முடக்கப்பட்டன.

நிறுவனம் முடங்கினால் வேறு பெயரில் வரும். தனியாகத் தொழில் செய்யும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அவர் சந்தாதாரருக்கென்று எடுத்ததை ஒருவர் பதிவு செய்து டெலிகிராம் குழுவில் போட்டுவிட்டால், புகார் கொடுக்கப் போகும் இடத்தில் தானே குற்றவாளி ஆகிவிடுவோமோ என்ற பயம் அவரைத் தடுக்கிறது. திருடுபவருக்கு அந்தப் பயம்தான் துணை. 2025 ஜூலையில், தன் அந்தரங்கக் காட்சிகள் சம்மதமின்றிப் பரப்பப்பட்ட ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், அவற்றை 48 மணி நேரத்தில் நீக்கும்படி மத்திய அமைச்சகத்துக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதுதான். அந்தப் பாதுகாப்பு, உடலை வைத்துத் தொழில் செய்பவருக்கும் அதே வேகத்தில் கிடைக்கவேண்டும் என்பது என் எண்ணம். விற்றவர் என்பதால் திருடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், காசும் முடிவெடுக்கும் உரிமையும் பெண்ணிடம் வந்திருக்கின்றன. அதோடு விளம்பரச் சுமை, சட்ட அபாயம், வாழ்நாள் முழுதும் அழியாத முகம் ஆகியவையும் வந்திருக்கின்றன. ஊருக்குச் சுவர் சுத்தமாகியிருக்கிறது. பிள்ளைகளின் கண்ணுக்கு இருந்த பொதுக்காவல் போயிருக்கிறது. சம்மதித்த வயதுவந்தவரையும், மிரட்டப்பட்டவரையும், திருடப்பட்டவரையும் பிரித்துப் பார்க்கும் சட்டம் வராதவரை இந்தக் கணக்கு நேராகாது. அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று: யாருடைய காணொலி வந்தாலும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். சம்மதமின்றி வெளிவந்தது என்று தெரிந்தால் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம்.