அதிகாலை முகூர்த்தம்: எந்த டெலி லென்ஸ் கைகொடுக்கும்?

பத்திரிகையில் ‘காலை 4.30 முதல் 6 மணிக்குள்’ என்று போட்டிருந்தால், கார்த்திகையிலும் தையிலும் காரைக்கால் கடற்கரையில் அது இருட்டு முகூர்த்தம்தான். இந்த மாதங்களில் சூரியன் ஆறு மணி தாண்டித்தான் எழும். அதற்குள் தாலி ஏறிவிடும். கருக்களாச்சேரி போன்ற கடலோர ஊர்களில் மண்டபம் பிடிக்காமல் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு நடத்தும் கல்யாணங்களும் உண்டு. அங்கே இருக்கும் வெளிச்சம் எல்லாம் சில டியூப் லைட், சீரியல் செட், குத்துவிளக்கு, வீடியோக்காரர் பிடிக்கும் ஒரு எல்இடி விளக்கு. உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இது தாராளம். கேமராவுக்குப் போதாது.

இந்தப் பக்கம் புதிதாகத் தொழிலுக்கு வரும் போட்டோகிராபர்கள் டெலி லென்ஸ் வாங்கும்போது முதலில் கேட்பது ‘எவ்வளவு தூரம் இழுக்கும்?’ என்றுதான். 300 வரை போகுமா, 250 வரை போகுமா என்று பார்த்துப் பணத்தைக் கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு அது தப்பான கேள்வி. எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதுதான் கேட்க வேண்டியது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மேலே சொன்ன மாதிரிப் பந்தலில் அபெர்ச்சர் எஃப் 2.8, ஷட்டர் ஒரு நொடியில் 250-ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 3200 என்று வைத்தால் படம் ஏறக்குறைய சரியாக விழும். அதே இடத்தில் நின்று 55-250 கிட் லென்ஸை முழுசாக நீட்டினால் அபெர்ச்சர் எஃப் 5.6-க்கு இறங்கிவிடும். அதாவது நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். ஈடுகட்ட ஐஎஸ்ஓவை 12,800-க்கு ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஷட்டரை 60-ல் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும். முதலாவதில் மணப்பெண் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக நாய்ஸ். இரண்டாவதில் முடிச்சுப் போடுகிற விரல்கள் கலங்கிப்போகும். சில 70-300 லென்ஸ்கள் கடைசியில் எஃப் 6.3 வரை இறங்கும். அங்கே வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு.

எஃப் எண் என்பது லென்ஸின் குவிய நீளத்தை வெளிச்சம் நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 200 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8 வேண்டுமானால் துளை 71 மி.மீ. அகலம் இருந்தாக வேண்டும். அகலமான ஜன்னல் மாதிரிதான். சட்டமும் கண்ணாடியும் பெரிசாகும், விலையும் ஏறும். இந்தத் தேவை பழையது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி, மங்கிய ஒளியிலும் தூரத்திலிருந்து ஆட்டக்காரர்களைப் பிடிக்கவென்று ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் 180 மி.மீ. எஃப் 2.8 சோனார் லென்ஸைக் கொண்டுவந்தது. இன்றைக்குக் கல்யாணக் கேமராக்காரர்கள் தோளில் தொங்கும் 70-200 எஃப் 2.8 லென்ஸுக்கு மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

சரி, இருட்டில் டெலி எதற்கு, பக்கத்தில் போய் 35-ஐ வைத்து எடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். மணமேடைக்கு முன்னால் போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கெட்டிமேளம் என்று குரல் எழுந்த அடுத்த நொடி நாத்தனார் பின்னால் குனிகிறார், சொந்தக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள், அட்சதை பறக்கிறது, நாலு செல்போன் கை குறுக்கே நீளுகிறது. முன்னால் இருக்கும் இடம் வீடியோவுக்கும் மெயின் கேமராவுக்கும்தான். இரண்டாவது கேமரா பக்கவாட்டில் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, இடுக்கில் தெரிகிற முகத்தைப் பிடிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, மேடைக்கு வெளியே நடப்பது. தாலி ஏறும்போது பெண்ணின் அப்பா பெரும்பாலும் ஓரமாகத்தான் நிற்பார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். கேமராவோடு பக்கத்தில் போய் நின்றால் அவர் சிரித்து போஸ் கொடுத்துவிடுவார். அந்த முகத்தை அவர் அறியாமல், அவரைக் கூசவைக்காமல் எடுத்துத் தருவதுதான் டெலி லென்ஸின் வேலை. பல வருஷம் கழித்து அந்த வீட்டில் ஆல்பத்தைப் புரட்டும்போது கை நின்றுவிடுகிற பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது எதை வாங்குவது? தொழில் தொடங்குகிறவருக்கு என் பதில்: முதலில் 85 மி.மீ. எஃப் 1.8. கேனான், நிகான், சோனி மூன்றிலும் இருக்கிறது. எஃப் 2.8-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் விடும். நிகானின் எஃப் மவுண்ட் 85 வெறும் 350 கிராம், சோனியுடையது 371 கிராம். விலையும் பெரிய ஜூமின் விலையில் ஒரு சிறு பங்குதான். கிராப் சென்சார் பாடியில் போட்டால் ஏறக்குறைய 130 மி.மீ. லென்ஸ் மாதிரி நெருக்கம் கிடைக்கும். ஐந்து மீட்டரிலிருந்து ஒரு முகத்தை மார்பளவுக்கு எடுக்க அது போதும். பட்ஜெட்டில் இருப்பவர்கள் மங்கலான 70-300-க்குக் கொடுக்கும் காசை இதில் போட்டால் நிச்சயம் வருந்த மாட்டார்கள்.

ஆனால் 85 இருந்த இடத்திலிருந்து நகராது. பெரிய மண்டபம், உயரமான மேடை, கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிடும் தேவாலயம், கூட்டம் நெருக்கும் நிக்காஹ் என்று வரும்போது 70-200 எஃப் 2.8 இல்லாமல் முடியாது. எடை ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. சோனியின் 2016 லென்ஸ் 1,480 கிராம். 2021-ல் வந்த இரண்டாவது பதிப்பு 1,045 கிராம்தான். கேனானின் 2019 ஆர்எஃப் லென்ஸ் 1,070 கிராம். ராத்திரி ரிசப்ஷனில் ஆரம்பித்து மறுநாள் பந்தி வரை தூக்கித் திரிகிறவர் தோளுக்கு இந்த 400 கிராம் பெரிய வித்தியாசம். டாம்ரான் 70-180 எஃப் 2.8 இன்னும் இலேசு, 810 கிராம். ஆனால் 2020-ல் வந்த முதல் பதிப்பில் ஸ்டெபிலைசர் கிடையாது.

ஸ்டெபிலைசரைப் பற்றிக் கடைகளில் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். மாப்பிள்ளை கை அசைவதை நிறுத்தாது. எஃப் 5.6 லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று ஷட்டரை 30-க்கு இறக்கினால் குத்துவிளக்கு தெளிவாக இருக்கும், ஆட்கள் கலங்கியிருப்பார்கள். அது உதவுகிற இடம் வேறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் சில படங்களில் குறுக்கே பட்டை விழும், சில படம் மஞ்சளடிக்கும். 100-ல் ஒரு பங்குக்கு வந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கும். அப்போது 200 மி.மீ. நீளத்தைக் கையில் ஆடாமல் பிடிக்க ஸ்டெபிலைசர் கைகொடுக்கும்.

ஃபிளாஷ் அடித்துவிட்டால் தீர்ந்தது என்பவர்கள் பந்தலில் எடுத்துப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் வெள்ளைக் கூரையில் மோதவிட்டு எடுக்கலாம். பந்தல் துணி சிவப்பும் மஞ்சளுமாக இருந்தால் அந்த நிறம் அப்படியே முகத்தில் இறங்கும். நேராக அடித்தால் ஓமப் புகையில் பட்டுத் திரும்பி முன்னால் வெண்திரை கட்டியது போல ஆகிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் முகங்களில் பெரும்பாலானவை கறுப்பும் மாநிறமும். கேமராவில் நாய்ஸ் முதலில் குடியேறுவது கருமையான பகுதியில்தான். வெளிச்சம் போதாமல் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் வெள்ளைச் சட்டை தப்பித்துக்கொள்ளும், முகம் சாம்பல் பூத்துவிடும். அதை மறைக்க ஆல்பத்தில் எல்லோரையும் வெளுக்கவைத்துவிடுகிறார்கள். பெண்ணின் சொந்த நிறம் ஆல்பத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர் அகன்ற அபெர்ச்சர் லென்ஸுக்குச் செலவு செய்யத்தான் வேண்டும்.

அகன்ற அபெர்ச்சருக்கு விலை ஃபோகஸில் தெரியும். 200 மி.மீ., எஃப் 2.8-ல் ஐந்து மீட்டர் தள்ளி எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் பத்து செ.மீ.தான். பெண்ணின் கண் கூர்மையாக இருக்கும், அரையடி பின்னாலிருக்கும் மாப்பிள்ளை மங்குவார். இருவரும் வேண்டுமென்றால் இரண்டு முகமும் ஒரே தூரத்தில் வருமாறு நாம்தான் இடம் மாற வேண்டும்.

வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்ப்பது நல்லது. காரைக்காலில் அதற்கு ஏற்ற கல்யாணம் ஒன்று வருஷா வருஷம் ஊர் கூடி நடக்கிறது: ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் அம்மையாரின் திருக்கல்யாணம். முதல் நாள் ராத்திரி பரமதத்தனுக்கு மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், மறுநாள் திருக்கல்யாணம். தெருவிளக்கு, கூட்டம், அசையும் முகங்கள் என்று ஒரு கல்யாண இரவின் கஷ்டமெல்லாம் அங்கே உண்டு. எந்தக் குடும்பத்தின் படமும் வீணாகாது.

பழைய லென்ஸ் வாங்கினால் பாதிச் செலவு மிஞ்சும். எல்லோரும் மிரர்லெஸுக்கு மாறுவதால் கேனானின் 2010 இஎஃப் 70-200 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு போன்றவை விற்பனைக்கு வருகின்றன. அடாப்டர் போட்டால் புது ஆர் பாடியிலும் நன்றாக ஓடும். நிகானில் மட்டும் கவனம். பழைய 80-200 எஃப் 2.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏமாறக்கூடாது. அதற்குள் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசைப் பாடிகளிலும், எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இசட் பாடியிலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

எந்தப் பழைய லென்ஸையும் அபெர்ச்சரைத் திறந்து, செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது மணல் நறநறக்கிறதா என்று பாருங்கள். கடலோரத்தில் இந்த இரண்டும் சீக்கிரம் வரும். உப்புக்காற்றில் இருந்து வந்தவுடன் லென்ஸைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது பையை மூடியபடியே கொஞ்ச நேரம் விடுங்கள். இல்லையேல் கண்ணாடி வேர்த்துவிடும், மாப்பிள்ளை ஊர்வலம் போய்விடும். டிரை கேபினட் வாங்க முடியாதவர்களுக்கு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல்லின் நிறம் சீக்கிரமே மாறிவிடும், வறுத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.