தியான இருக்கையில் சுகம்: யோக நூல்கள் காட்டும் தேர்வு நெறி

ஆய்வுச் சுருக்கம்

தியானத்திற்குப் பத்மாசனமே உரியது என்னும் எண்ணம் பயிற்சி தொடங்குவோரிடையே பரவலாக உள்ளது. பதஞ்சலியின் யோக சூத்திரமும் அதன் உரைகளும் திருமூலரின் திருமந்திரமும் அவ்வாறு வரையறுக்கவில்லை. நிலைத்தன்மையும் சுகமும் ஒருங்கே அமையும் இருக்கையை அவரவர் உடலமைப்பிற்கேற்பத் தேர்ந்துகொள்வதே நூல்நெறி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆதனம், சுகாதனம், யோகப்பட்டம், யோக சூத்திரம், திருமந்திரம்.

முன்னுரை

அட்டாங்க யோகத்தில் இயமம், நியமம் ஆகியவற்றை அடுத்து மூன்றாவது உறுப்பாக வைக்கப்படுவது ஆதனம். பிராணாயாமம் முதல் சமாதி வரையிலான ஐந்து உறுப்புகளும் இதற்குப் பின்னரே வருகின்றன. எனவே இருக்கையில் நேரும் பிழை அதற்கு மேற்பட்ட படிநிலைகளையும் பாதிக்கிறது. முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருப்பவரின் மனம் தியானப் பொருளில் நில்லாது வலியிலேயே நிற்கும். காலை மடக்க இயலாத முதியோர் தியானமே தமக்குரியதன்று என்று ஒதுங்கிவிடுவதும் உண்டு. இவ்விரு நிலைகளுக்கும் நூல்களில் இடம் உண்டா என்பது ஆராயத்தக்கது.

பதஞ்சலியின் வரையறை

யோக சூத்திரத்தின் இரண்டாம் பகுதியாகிய சாதன பாதத்தில் ஆசனம் பற்றி அமைந்தவை 3 சூத்திரங்களே (2.46 முதல் 2.48 வரை). முதற்சூத்திரம் ஆசனத்தை நிலையானதும் சுகமானதும் ஆகிய இருப்பு என வரையறுக்கிறது. இரண்டாவது, முயற்சியின் இறுக்கம் தளர்வதாலும் மனம் எல்லையற்றதில் ஒன்றுவதாலும் அந்நிலை கைகூடும் என்கிறது. மூன்றாவது, அதன்பின் குளிர், வெப்பம் போன்ற இருமைகள் சாதகரைத் தாக்குவதில்லை என அதன் பயனைக் கூறுகிறது. இம்மூன்றனுள் எந்த ஆசனத்தின் பெயரும் இடம்பெறவில்லை. கால்களை எவ்வாறு மடக்குவது என்னும் செய்முறையும் இல்லை. உடலின் வடிவத்தைக் கொண்டன்றி, அவ்வடிவம் விளைவிக்கும் நிலையைக் கொண்டே பதஞ்சலி ஆசனத்தை வரையறுத்துள்ளார்.

ஆசனப் பெயர்கள் வியாசரின் உரையில்தான் வருகின்றன. பத்மாசனம், வீராசனம், பத்திராசனம், சுவத்திகம், தண்டாசனம் எனத் தொடரும் அப்பட்டியலில் இரண்டு குறிப்புகள் கருதத்தக்கன. ஒன்று, ‘சோபாசிரயம்’ எனப்படும் ஆதாரத்துடன் கூடிய இருக்கை. மற்றொன்று, சுகம் தரும் வகையில் அமைவது எதுவும் ஆசனமே என்னும் கருத்தில் பட்டியல் நிறைவுறுதல். உரையாசிரியர் எண்ணிக்கையை மூடிவிடாமல் சாதகரின் தேர்விற்கு இடம் விட்டிருப்பது இதனால் புலனாகிறது.

திருமந்திரத்தில் சுகாதனம்

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆதனம் தனித் தலைப்பாக அமைந்துள்ளது. அங்குத் திருமூலர் பங்கயம் முதலாகப் பல ஆதனங்கள் உண்டென்று தொடங்கிச் சுவத்திகத்தைச் சிறப்பித்துக் கூறுகிறார். பின்னர்ப் பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, வீரம் ஆகியவற்றோடு சுகாதனத்தையும் ஒரே வரிசையில் வைத்து உத்தம ஆதனங்கள் என்கிறார். பத்மாசனம் இயலாதோர்க்கான மாற்று வழியாகச் சுகாதனம் அங்குச் சுட்டப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகையும், 84 ஆசனங்களில் நான்கைத் தலைமையானவையாகக் கொண்டு, அவற்றுள் சித்தாசனத்தில் சுகமாக அமரும்படி அறிவுறுத்துகிறது.

ஆதாரம் குறையன்று

இருக்கைக்கு ஆதாரம் கொள்வது பயிற்சிக் குறைவின் அடையாளம் என்று எண்ணுவோர் உளர். வியாசர் குறித்த ‘சோபாசிரயம்’ என்பதற்கு வாசஸ்பதி மிசிரர் யோகப்பட்டத்தைக் கொண்டு அமர்தல் என்று விளக்கம் தருகிறார். யோகப்பட்டம் என்பது முழங்கால்களையோ, முதுகையும் காலையும் சேர்த்தோ சுற்றிக் கட்டப்படும் துணிப்பட்டை. தசைகள் தாங்க வேண்டிய சுமையின் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்கிறது. யோக நரசிம்மர் திருமேனிகளிலும் சபரிமலை ஐயப்பன் திருவுருவிலும் இப்பட்டம் காணப்படுகிறது. யோகநிலையிலுள்ள இறைவனுக்கே சிற்ப மரபு ஆதாரம் வகுத்துள்ளது. அவ்வாறிருக்க, மடித்த போர்வையையோ சுவரையோ நாற்காலியையோ சாதகர் துணைக்கொள்வது மரபிற்கு மாறானதன்று.

உடலமைப்பும் தேர்வும்

பத்மாசனத்திற்குத் தொடைகள் இடுப்பு மூட்டில் நன்கு வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். அம்மூட்டின் குழி அமைப்பும் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியின் கோணமும் மனிதர்க்கு மனிதர் வேறுபடுகின்றன. ஆகவே பயிற்சியால் மட்டும் எல்லோரும் அந்நிலையை எய்திவிட இயலாது. இடுப்பு திரும்பாத நிலையில் காலை வலிந்து இழுத்தால் அம்முறுக்கு முழங்காலில் இறங்குகிறது. முழங்கால் பெரும்பாலும் மடங்கி நீள்வதற்கென அமைந்த மூட்டு. முறுக்கு மிகுந்தால் அதன் குருத்தெலும்பும் தசைநார்களும் சேதமுறக்கூடும். தசை நீட்சியால் வரும் இழுவிசை இயல்பானது; முழங்காலுக்குள் எழும் கூர்மையான வலியோ உடனே நிலையை மாற்ற வேண்டும் என்பதற்கான அறிகுறி.

தரையில் அமரும்போது முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்து நின்றால் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்கிறது; முதுகு கூன் விழுகிறது; வயிறு அழுந்துவதால் மூச்சின் போக்கும் குறுகுகிறது. பிட்டத்தின் கீழ் மடித்த துணியை வைத்து உயரம் கூட்டினால் முழங்கால்கள் தாழ்ந்து முதுகெலும்பு தன் இயல்பான வளைவைப் பெறும். உடலும் தலையும் கழுத்தும் நேராக இருத்தல் வேண்டும் என்று பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறும் நிலை இதனால் எளிதாகிறது. நாற்காலியில் அமர்வோரும் பாதங்களைத் தரையில் முழுமையாகப் பதித்து, முதுகை நிமிர்த்தி இருந்தால் இதே பயனைப் பெறலாம்.

சுகத்தின் எல்லை

சுகம் என்பது சோம்பலுக்கு இடந்தருவதன்று. பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் உபாசனையை அமர்ந்தே செய்ய வேண்டும் என்கிறது. நடப்பவர்க்கு மனம் சிதறும், நிற்பவர்க்கு உடலைத் தாங்குவதிலேயே கவனம் செல்லும், படுத்தவரை உறக்கம் ஆட்கொள்ளும் என்று சங்கரர் அதற்குக் காரணம் காட்டுகிறார். பௌத்த மரபு இதனின்று சற்று வேறுபட்டு, நடத்தல், நிற்றல், அமர்தல், கிடத்தல் ஆகிய நான்கு நிலைகளிலும் பயிற்சியை ஏற்கிறது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், சாதகரின் இயல்பிற்கேற்ப நிலையைத் தேரச் சொல்கிறது. இவ்விரு மரபுகளும் முடிவில் வேறுபட்டாலும், மனம் விழிப்புடன் ஒருமுகப்படுகிறதா என்னும் ஒரே அளவுகோலையே கைக்கொள்கின்றன.

முடிவுரை

யோக நூல்கள் இருக்கையின் பெயரைவிட அதன் பயனையே முதன்மைப்படுத்துகின்றன. நிலைத்தன்மை இல்லாத சுகம் உறக்கத்திற்கும், சுகம் இல்லாத நிலைத்தன்மை வலிக்கும் இட்டுச்செல்லும். அமர்ந்த சிறிது நேரத்தில் உடல் நினைவிலிருந்து விலகி, மூச்சு தடையின்றி நடந்து, மனம் விழிப்போடு நிற்குமாயின் அதுவே அச்சாதகர்க்குரிய ஆதனம். முதுமையாலோ மூட்டு நோயாலோ தரையில் அமர இயலாதவர்க்கும் தியானம் உரியதே என்பது பதஞ்சலியின் வரையறையிலிருந்தே பெறப்படுகிறது.