கூடுதல் ஒரு மணி நேரம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்.சி., வேதியியல்)

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிடுவர் ஆன்றோர். அப்படியாயின், கண்ணொளி இல்லாத ஒருவருக்குக் கல்வி எத்துணை பெரிய துணை! அத்துணையை அவர் அடையக் கல்லூரி செய்ய வேண்டுவன யாவை? நான் நேரில் கண்டதைக் கொண்டு கூற விழைகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு, வரலாற்றுத் துறையில் சேர்ந்த பார்வையற்ற அண்ணன் ஒருவருக்கு, அவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக் கொடுக்க அமர்ந்தேன். அவர் பள்ளிப்படிப்பு முடிந்தபின் பார்வையை இழந்து, சில ஆண்டுகள் கழித்துக் கல்லூரிக்கு வந்தவர். வரலாறு படிக்காதவன் என்பதே எனக்கிருந்த தகுதி!

எளிய வேலை என்றெண்ணிச் சென்றேன். வினாத்தாளை இருமுறை படித்துக் காட்ட வேண்டும். எந்த வினாவை எடுப்பதென்று அவர் மனத்திலேயே கணக்கிடுவார். பிறகு அவர் சொல்ல, நான் எழுதுவேன். பெயர்களை எழுத்துக்கூட்டிக் கேட்பேன். "கடைசிப் பத்தியை ஒருமுறை படி தம்பி" என்பார், படிப்பேன். நாம் ஒரு நொடியில் கண்ணோட்டிப் பார்ப்பது அவருக்கு ஒரு நிமிடமாகிறது. மணி அடித்தபோது, பெரிய வினா ஒன்று எழுதப்படாமலே நின்றது. "விடை தெரியும் தம்பி, நேரந்தான் இல்லை" என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதனை 21 வகைகளாக விரித்தது. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர்க்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களும், சேர்க்கை வயதில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட தேர்வு நெறிமுறைகள், மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் ஈடுநேரம் தர வேண்டும் என்றன; அதாவது, மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம்! படம் பார்த்து விடையளிக்கும் வினாவுக்கு மாற்று வினாவும் உண்டு. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய தேர்வர் ஒருவரின் வழக்கில், 40 விழுக்காட்டை எட்டாதவரும் எழுத்துதவியாளரைப் பெறலாம் என்று தீர்ப்பளித்தது.

நாங்கள் எழுத உதவியாள் மட்டுமே கேட்டிருந்தோம்; நேரம் கேட்கலாம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த தேர்வுக்கு எழுதிக் கேட்டோம், கிடைத்தது. மூன்று மணி நாற்பது நிமிடத்தில் கடைசி விடையும் முடிந்தது. எஞ்சிய நேரத்தில் படித்துக் காட்டினேன். இரண்டு ஆண்டுகளை நான் தவறாக எழுதியிருந்தேன். அவரே கண்டுபிடித்துத் திருத்தினார்.

"எங்களுக்கு மூன்று மணி, அவருக்கு மட்டும் நான்கா?" என்று நண்பர் சிலர் வினவினர். ஆய்வகத்தில் கருவியின் சுழிப்பிழையைத் திருத்திய பிறகே அளவைக் குறிக்கிறோம். அத்திருத்தம் பொருளின் அளவைக் கூட்டுவதில்லை. கருவியின் பிழையை நீக்கி, உள்ள அளவைக் காட்டுகிறது. ஈடுநேரமும் அத்தகையதே. அந்த அண்ணனுக்குத் தெரியாத விடை எதையும் அந்த ஒரு மணி நேரம் தந்துவிடவில்லை.

எல்லா உதவிக்கும் பணம் தேவையில்லை. செவித்திறன் குறைந்தவர் உதட்டசைவைப் பார்த்து உணர, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசாதிருந்தால் போதும். சக்கர நாற்காலியில் வருபவரின் வகுப்பைத் தரைத்தளத்திற்கு மாற்றலாம். சாய்தளம் கட்டுவதானால், ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். செங்குத்தாகக் கட்டினால் பயனில்லை.

மாணவ நண்பர்களே! உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. உரியவர் காதுக்கு எட்ட வேண்டும். புதிதாகச் சேர்பவரிடம் இவற்றை முதல் நாளே எடுத்துரைப்போம். விடை தெரிந்த எவரும் நேரமின்றி எழாதிருக்கட்டும்!