‘மறுகா பாப்பம்’: நெஞ்சு நோவுக்கும் வைத்தியசாலைப் பயத்துக்கும் நடுவில்

மட்டக்களப்புத் தமிழில் ‘மறுகா’ என்றொரு சொல் உண்டு. பிறகு என்று பொருள். வயல் வேலையை மறுகாவுக்குத் தள்ளலாம், கடன் பேச்சைத் தள்ளலாம், கலியாணப் பேச்சைக்கூடத் தள்ளலாம். நெஞ்சு நோவைத் தள்ள முடியாது. ஆனாலும் நடுச்சாமத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பும் ஒருவர் வேர்க்கொம்பு அவித்துக் குடிக்கிறார், உள்ளி மெல்லுகிறார், முதுகைத் தடவச் சொல்கிறார். ‘வாயுவாத்தான் இருக்கும், விடியட்டும், மறுகா பாப்பம்’ என்று திரும்பப் படுக்கிறார். இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அந்தச் சொல்லுக்குள் பல வேளைகளில் பயம் ஒளிந்திருக்கிறது. டொக்டர் என்ன சொல்வாரோ, வார்ட்டில் மறித்துவிடுவார்களோ, ஒப்பரேஷன் என்பார்களோ, ஒன்றுமில்லாததற்கு வந்தாய் என்று ஏசுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் தீர்ந்த பிறகுதான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பயந்துகொண்டே போகலாம். பயம் தீரக் காத்திருக்கும் நேரம் இதயத் தசைக்குக் கிடையாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதயம் உடல் முழுவதற்கும் இரத்தம் இறைக்கிறது. அதன் சொந்தத் தசைக்கு இரத்தம் கொடுப்பவை முடியுருநாடிகள் என்ற சிறு குழாய்கள். அவற்றின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த கொழுப்புப் படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை மூடிவிட்டால் அது மாரடைப்பு. அப்போதும் தசை ஒரு நொடியில் செத்துவிடுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் ரெய்மரும் ஜென்னிங்சும் தம் சகாக்களோடு 1977இல் வெளியிட்ட ஆய்வில், நாய்களின் இதய நாடியை அடைத்து, வெவ்வேறு நேரங்களில் திறந்து பார்த்தார்கள். 40 நிமிடத்தில் திறந்தபோது, ஆபத்துக்கு உள்ளான பகுதியில் 38 வீதம் செத்திருந்தது. 3 மணித்தியாலத்தில் அது 57 வீதமானது, 6 மணித்தியாலத்தில் 71 வீதம். சாவு இதயச் சுவரின் உட்படையில் தொடங்கி, கரையை அரிக்கும் அலைபோல வெளிப்படையை நோக்கி நகர்ந்தது. மனிதரிலும் கணக்கு அப்படித்தான் அமைந்தது. 1986இல் இத்தாலியில் 11,000க்கு மேற்பட்ட மாரடைப்பு நோயாளரிடம் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து பரிசோதிக்கப்பட்டது. நோ தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏறியவர்களில், மருந்து பெறாதவர்களை விட மரணம் 47 வீதம் குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 18 வீதம்தான். மருந்து ஒன்றே, வித்தியாசம் மணிக்கூட்டில் இருந்தது. 1988இல் 16 நாடுகளின் 17,187 நோயாளரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வில், சாதாரண அஸ்பிரின் குளிசை மட்டுமே மரணத்தை 23 வீதத்தால் குறைத்தது; அஸ்பிரினையும் ஸ்ட்ரெப்டோகைனேஸையும் சேர்த்துக் கொடுத்தபோது 42 வீதத்தால் குறைந்தது. அதிக விலையோ அரிய கருவியோ தேவைப்படாத சிகிச்சைகள் இவை. நேரத்துக்கு வந்தவருக்கே முழுப் பயன் கொடுக்கும்.

‘வாயுவா, இதயமா என்று எங்கட உடம்பு எங்களுக்குத் தெரியாதா?’ என்று கேட்கலாம். தெரியாது என்பதே உடற்கூறு சொல்லும் பதில். இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் நோவுச் செய்தி கொண்டுவரும் நரம்புகள் முள்ளந்தண்டின் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. இடது கையின் உட்புறத்து நரம்புகளும் அங்கேதான் வருகின்றன. ஒரே வாசலால் வரும் செய்தி எந்த உறுப்பினுடையது என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. அதனால்தான் மாரடைப்பு சிலருக்கு நெஞ்செரிவாகவும், சிலருக்குக் கை உளைவாகவும், தாடை நோவாகவும், மேல்வயிற்று இறுக்கமாகவும் வருகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நோவே இல்லாமல் களைப்பும் வியர்வையும் மட்டும் வரலாம். பெண்களுக்குக் குமட்டலும் மூச்சுத் திணறலும் முந்திக்கொள்ளலாம். ‘ஏப்பம் விட்டதும் குறைந்தது, ஆகவே வாயு’ என்ற தீர்ப்பும் நிற்காது. அமெரிக்காவில் 459 நெஞ்சு நோ நோயாளரைக் கவனித்து 2003இல் வெளியான ஆய்வொன்றில், இதய நோவுக்கென்றே நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் குளிசையால் நோ தணிந்தவர்கள் முடியுருநாடி நோய் உள்ளவர்களில் 35 வீதம். அந்த நோய் இல்லாதவர்களில் 41 வீதம். இதயத்துக்கான குளிசையாலேயே பிரித்துச் சொல்ல முடியாததை ஓமத் தண்ணீரும் உள்ளியும் எப்படிச் சொல்லும்? வயதும் காவல் அல்ல. சலீம் யூசுப் தலைமையில் இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான பெரும் ஆய்வின் தரவுகளில், தெற்காசியரின் முதல் மாரடைப்பின் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. நெஞ்சு நோவோடு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு மாரடைப்பு இல்லை. பலருக்கு மனப்பதற்றமே நோவாகிறது. உண்மைதான். பதற்றம் ஏறும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, நெஞ்சுக்கூட்டுத் தசைகள் இறுகுகின்றன, வேகமான மூச்சால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனிகள் விறைக்கின்றன. அந்த நோ பொய் இல்லை. 1871இல் ஜேக்கப் மென்டஸ் டா கோஸ்டா என்ற அமெரிக்க வைத்தியர், அந்நாட்டு உள்நாட்டுப் போரின் படையினர் 300 பேரில் நெஞ்சு நோ, படபடப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றைக் கண்டு எழுதினார். இதயத்தில் வெளிப்படையான நோய் எதுவும் தெரியவில்லை. போர் உடலில் பேசுவதை மருத்துவம் அப்போதே குறித்துக்கொண்டது. நமது உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும், போர் ஈழத்தமிழர் மனத்தில் விட்ட காயங்களைப் பற்றி 1998இல் வெளியிட்ட நூலில், வெளியே சொல்ல முடியாத துயர் உடல் நோவாக வருவதைப் பதிவுசெய்தார். மூன்று தசாப்தப் போரையும் 2004 சுனாமியையும் கண்ட ஒரு கரையில் பதற்ற நோ இருப்பதில் வியப்பில்லை. ஆனால் ‘பதற்றம்’ என்ற சொல் இதயத்துக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது. 1994 ஜனவரி 17 அதிகாலை லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியை நிலநடுக்கம் உலுக்கிய அன்று, இதய நாடி நோயால் திடீரென இறந்தவர்கள் 24 பேர். அதற்கு முந்திய வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரி ஐந்துக்கும் குறைவு. ஏற்கெனவே நோயுள்ள இதயத்தைப் பயமே தள்ளிவிடக்கூடும். பதற்றக்காரருக்கும் மாரடைப்பு வரும். மாரடைப்பு வந்தவரும் பதறுவார். இரண்டையும் வீட்டுத் திண்ணையில் இருந்து பிரிக்க வழியில்லை.

இனி, டொக்டரைக் கண்டால் வரும் பயத்தையே எடுத்துப் பார்ப்போம். 1983இல் இத்தாலிய ஆய்வாளர் ஜியுசெப்பே மன்சியாவும் சகாக்களும், நாடிக்குள்ளேயே இரத்த அழுத்தத்தை இடைவிடாமல் அளக்கும் நுண்குழாய் பொருத்தப்பட்டிருந்த நோயாளரிடம் முன்பின் தெரியாத ஒரு வைத்தியரை அனுப்பினார்கள். அவர் பிரஷர் பார்க்க வந்ததும் ஏறத்தாழ எல்லோருக்கும் அழுத்தம் எகிறியது: மேல் அளவு சராசரியாக 27ஆலும் கீழ் அளவு 15ஆலும். வைத்தியர் வந்து முதல் நான்கு நிமிடத்துக்குள் உச்சம் தொட்டது; பத்து நிமிடம் ஆகும்போது பெருமளவு இறங்கியிருந்தது. இந்த ஆய்வில் பயப்படுகிறவர்களுக்கு இரண்டு ஆறுதல்கள் இருக்கின்றன. முதலாவது, வைத்தியரைக் கண்டு நடுங்குவது கோழைத்தனம் அல்ல, மனித உடலின் பொது இயல்பு. இரண்டாவது, அந்தப் பயம் நிமிடங்களில் ஏறி நிமிடங்களில் இறங்குகிறது. பயத்தின் கோடு தானாகவே கீழே வரும். செத்த இதயத் தசையோ தழும்பாகத்தான் மாறும், மீண்டும் துடிக்காது. ஒரு பக்கம் பத்து நிமிட நடுக்கம், மறுபக்கம் ஆயுள் முழுவதற்குமான இழப்பு. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால் எதைப் பொறுத்துக்கொள்வது என்பதில் குழப்பமே இல்லை.

என்ன நடக்கும் என்று தெரியாதபோதுதான் பயம் பெருகுகிறது. ஆகவே ஈ.சி.ஜி. எடுப்பதைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்பது நல்லது. கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொல்வார்கள். நெஞ்சில் ஆறு இடத்தில் குளிர்ந்த களி பூசியோ ஒட்டு வில்லை வைத்தோ கம்பிகளை இணைப்பார்கள்; கை கால்களில் நான்கு கவ்விகள். உடலுக்குள் கரண்ட் எதுவும் போகாது. இதயம் தானே பிறப்பிக்கும் மிகச் சிறிய மின்னலையைக் கருவி வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சிறு கட்டங்கள் அச்சிட்ட தாள் நொடிக்கு 25 மில்லிமீற்றர் வேகத்தில் வெளியே வரும். ஒரு சின்னக் கட்டம் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நாடி முற்றாக அடைத்திருந்தால் அந்தக் கோட்டின் ஒரு பகுதி மேடாக எழும்பி நிற்கும். ஊசி இல்லை, நோ இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அடுத்தது இரத்தப் பரிசோதனை: காயப்பட்ட இதயத் தசையிலிருந்து கசியும் ட்ரோபொனின் என்ற புரதத்தைத் தேடுவார்கள். அது இரத்தத்தில் ஏறச் சில மணித்தியாலம் பிடிப்பதால், முதல் ஈ.சி.ஜி.யும் முதல் பரிசோதனையும் சரியாக இருந்தாலும் இன்னும் சில மணித்தியாலம் இருக்கச் சொல்லலாம். ‘மறித்துப் போட்டார்கள்’ என்று மிரளத் தேவையில்லை. இரண்டாவது அளவை எடுக்காமல் நல்ல செய்தியை உறுதியாகச் சொல்ல முடியாது.

இதெல்லாம் வைத்தியசாலையை அடைந்த பிறகுதான்; அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்று வாவி ஒரு கேள்வி கேட்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி மாவட்டத்தைக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று இரண்டாகப் பிரிக்கிறது. போதனா வைத்தியசாலையும் களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி ஆதார வைத்தியசாலைகளும் கிழக்குப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் கடக்கப் ‘பாதை’ எனப்படும் படகுதான். குருமண்வெளி – மண்டூர் போன்ற துறைகளிலும் மக்கள் தலைமுறைகளாகப் பாதை ஏறியே கடந்தார்கள். போர்க்காலத்தில் இருட்டிய பின் வாவியைக் கடப்பது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். ‘விடியட்டும்’ என்ற பேச்சுக்கு அந்நாளில் ஒரு நியாயம் இருந்தது. இன்று அந்த நியாயம் இல்லை. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை காசு கேட்பதில்லை. தூரம் இருப்பதனாலேயே முடிவை முன்கூட்டி எடுக்க வேண்டும். தூரத்தைக் குறைக்க நம்மால் இயலாது. வீட்டில் யோசித்துக் கழிக்கும் நேரத்தைக் குறைக்க இயலும். பயப்படுகிறவர் நோ வந்த நேரத்தில் நல்ல முடிவெடுக்க மாட்டார் என்பது அவருக்கே தெரியும். ஆகவே நல்ல சுகத்தில் இருக்கும் ஒரு நாளில் வீட்டாரோடு பேசி வைக்கட்டும்: நோ வந்தால் யார் 1990க்கு அழைப்பது, யார் கூட வருவது, குடிக்கும் குளிசைகளும் கிளினிக் கொப்பியும் எங்கே இருக்கும் என்று. முடிவெடுக்கும் உரிமையை அழைக்கப்போகும் அந்த ஒருவரிடம் முன்னரே கொடுத்துவிட்டால், ‘மறுகா’ என்று சொல்ல நோயாளிக்கு இடமே இருக்காது.

‘போனால் ஏசுவார்கள்’ என்ற முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நெரிசலான ஓ.பி.டி.யில் ஒரு கடுஞ்சொல் ஒரு குடும்பத்தையே ஆண்டுக்கணக்கில் வைத்தியசாலையிலிருந்து விலக்கிவைக்கும். ‘ஒன்றுமில்லை, போ’ என்பதற்கும் ‘இதயம் நன்றாக இருக்கிறது, நோ உண்மைதான், அதற்கும் மருந்து உண்டு’ என்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் வாவியை விட அகலமானது. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வது வைத்தியர், தாதியரின் கடமை. அது சிகிச்சையின் பகுதி. மாறாக, ‘பதற்றக்காரரை அடிக்கடி வரச் சொன்னால் அவர் பதற்றம்தானே வளரும்?’ என்று வைத்தியர்கள் கேட்கலாம். இதயம் ஒருமுறை முறையாகப் பரிசோதிக்கப்பட்டு, அதே நோ அதே மாதிரித் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அப்போது தேவைப்படுவது பத்தாவது ஈ.சி.ஜி. அல்ல, பதற்றத்துக்கான சிகிச்சை. அதைத் தரவும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போவதில் வெட்கப்பட ஏதும் இல்லை. ஆனால் அந்த முடிவும் பரிசோதனைக்குப் பிறகே வர வேண்டும். வழமைக்கு மாறான, புதிய நோ வந்தால் மறுபடியும் முதல் நோவைப் போலவே அதை நடத்த வேண்டும்.

நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ எரிவோ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், அல்லது வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம், கைக்கும் தாடைக்கும் பரவும் உளைவு இவற்றில் ஒன்றோடு வந்தால், உடனே 1990ஐ அழையுங்கள். நீங்களே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகாதீர்கள். அஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றில் இரத்தக் கசிவு, டெங்குக் காய்ச்சல் சந்தேகம் எதுவும் இல்லாதவர்கள் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கலாமா என்று அந்த அழைப்பிலேயே கேளுங்கள். அது பயணத்துக்குத் துணை மட்டுமே, பயணத்துக்குப் பதில் ஆகாது. வைத்தியசாலையில் இறங்கியதும் முதலில் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: ‘எனக்கு நெஞ்சு நோகுது, இத்தனை மணிக்குத் தொடங்கினது. எனக்கு இங்க வரவும் பயம்.’ முதல் வாக்கியம் உங்கள் இதயத்துக்கானது, இரண்டாவது உங்கள் மனத்துக்கானது. இரண்டையும் கேட்க வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நடுங்கிக்கொண்டே போனாலும் பரவாயில்லை. விடியும்வரை காத்திருக்காமல் போங்கள்.