நோய்நிர்ணய அட்டையில் ஓர் எழுத்து: அவயவம் இழப்போர் அறிந்திருக்க வேண்டிய சொற்கள்

அரசாங்க வைத்தியசாலையில் கால் அகற்றப்பட்ட ஒருவர் வீடு திரும்பும்போது அவரது கையில் கொடுக்கப்படும் நோய்நிர்ணய அட்டையில் பெரும்பாலும் மூன்று ஆங்கில எழுத்துகள் காணப்படும். ஒருவருக்கு பி.கே.ஏ. என்றும் இன்னொருவருக்கு ஏ.கே.ஏ. என்றும் எழுதப்பட்டிருக்கும். முன்னையது முழங்காலுக்குக் கீழான அவயவ நீக்கம்; பின்னையது முழங்காலுக்கு மேலானது. எழுத்தளவில் வேறுபாடு ஒன்றேயாயினும், அந்த ஓர் எழுத்துக்குள் முழங்கால் மூட்டு இருக்கின்றதா இல்லையா என்பது அடங்கியிருக்கின்றது. கதிரையிலிருந்து எழுவதும், படியேறுவதும், நிலத்தில் அமர்ந்து மீள்வதும் அம்மூட்டிலேயே தங்கியுள்ளன. தமது உடலைப் பற்றிய இச்செய்தியை அட்டைக்கு உரியவரே வாசித்தறிய முடியாதிருப்பதைச் சிறிய குறைபாடாக நாம் கருதவில்லை.

யுத்த காலத்தில் வடக்கு, கிழக்கு மக்களுக்கு அவயவ இழப்பு என்றால் மிதிவெடியும் எறிகணையுமே நினைவுக்கு வந்தன. ஆட்களுக்கெதிரான மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா சாசனத்தில் இலங்கை 2017 டிசம்பரிலேயே இணைந்துகொண்டது. யுத்தத்தில் காலிழந்தவர்களின் தேவைகள் ஆயுள் முழுவதும் தொடர்பவை. ஆயினும் இன்று சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுசெல்லப்படுவோரை நோக்கினால், நீரிழிவே பெருங் காரணமாக நிற்கின்றது. நீண்டகால நீரிழிவினால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. நாடிகள் ஒடுங்கி இரத்தவோட்டம் குறைகின்றது. செருப்பு உரசிய சிறு காயம் வலிக்காமலே புண்ணாகி, கிருமி தொற்றி, இறுதியில் அழுகலாகின்றது. இதில் இனமும் இல்லை, மதமும் இல்லை.

இனிச் சொற்களுக்கு வருவோம். முழங்காலுக்கு மேல், கீழ் என்ற பழைய வழக்கு எளிமையானது, ஆனால் துல்லியமற்றது. எனவே சர்வதேச தரநிர்ணய அமைப்பு 1989ஆம் ஆண்டில் இத்துறைக்கான சொற்களை ஒழுங்குபடுத்தியது. அதன்படி என்பை ஊடறுத்து வெட்டப்பட்டால் அவ்வென்பின் பெயருக்கு முன் 'ட்ரான்ஸ்' என்ற முன்னொட்டு சேர்க்கப்படும். 'ட்ரான்ஸ்டிபியல்' என்பது கணைக்கால் உள்ளென்பின் ஊடாகச் செய்யப்பட்ட நீக்கம். 'ட்ரான்ஸ்ஃபெமரல்' என்பது தொடை என்பின் ஊடாகச் செய்யப்பட்டது. கையிலும் இவ்வாறே, முழங்கைக்குக் கீழ் ஆரையின் பெயராலும் மேலே புய என்பின் பெயராலும் குறிக்கப்படும். என்பு வெட்டப்படாமல், மூட்டிலேயே கழற்றப்பட்டால் அதற்கு 'டிஸ்ஆர்டிகுலேஷன்' என்று பெயர். 'மூட்டுப் பிரிப்பு' எனத் தமிழில் கூறினால் எவருக்கும் விளங்கும்.

மட்டம் ஏன் இத்தனை முக்கியம்? முழங்காலுக்குக் கீழ் இழந்தவர் செயற்கைக் காலுடன் நடக்கும்போது மற்றவர்களைவிட ஏறத்தாழக் காற்பங்கு கூடுதலான சக்தியைச் செலவிடுகின்றார். முழங்காலுக்கு மேல் இழந்தவருக்கு இக்கூடுதற் செலவு மூன்றில் இரண்டு பங்கு வரையில் உயர்கின்றது. நாடி நோயினால் காலிழந்த முதியவர்களில் அதற்கு மேலும் செல்லலாம். இருதயம் தளர்ந்த ஒருவருக்கு இது நடமாடுவதற்கும் சக்கர நாற்காலியில் தங்குவதற்கும் இடையிலான வேறுபாடாகும். எனினும் முழங்காலை எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று சத்திரசிகிச்சை நிபுணரை நெருக்குவதும் தவறு. இரத்தவோட்டமும் தோலின் நிலையுமே மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஆறாத புண்ணுடன் விடப்பட்ட கால் மீண்டும் மேலே வெட்டப்பட நேரும். காரணத்தைக் கேட்டறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதே எமது வாதம்.

பாதத்தின் மட்டங்களுக்கு ஐரோப்பிய சத்திரசிகிச்சையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. லிஸ்ஃப்ராங், ஷோபார் ஆகியோர் பிரெஞ்சுக்காரர். கணுக்கால் மட்டத்தில் குதிக்காற் சதையைப் பேணிக்கொள்ளும் முறைக்குப் பெயர் தந்த சைம், எடின்பரோவைச் சேர்ந்தவர். சைம் முறையில் நீக்கப்பட்டவர் வீட்டினுள் சில அடிகள் செயற்கைக் கால் இன்றியே ஊன்றி நடக்கலாம் என்பது அதன் சிறப்பு. பெயர்கள் எவ்வாறாயினும், வெட்டு கணுக்காலுக்குக் கீழா மேலா என்பது முஸ்லிம் வாசகர்களுக்கு இன்னொரு வகையிலும் முக்கியமானது. வுழூவில் கால் கழுவும் எல்லை கணுக்காலாதலால், உலமாக்களிடம் விளக்கம் கேட்பவர் முதலில் தமது மட்டத்தையே சொல்ல வேண்டியிருக்கும்.

வெட்டியபின் எஞ்சுவதை ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'ஸ்டம்ப்' என்றனர். மரத்தின் அடிக்கட்டைக்கும் அதே சொல்தான். இப்போது 'எஞ்சிய அவயவம்' என்னும் பொருள்படும் சொல்லே விரும்பப்படுகின்றது. இது வெறும் நாகரிகம் அன்று என்பது எமது கருத்து. கட்டைக்குப் பராமரிப்புத் தேவையில்லை; அவயவத்துக்குத் தேவை. அதற்குத் தசை உண்டு, தோல் உண்டு, மேலே ஒரு மூட்டும் உண்டு. அந்த மூட்டு மடங்கியபடியே இறுகிப்போவதை 'கொன்ட்ராக்சர்' என்பர். எமது வீடுகளில் இது அன்பினாலேயே நேர்கின்றது. வலிக்கின்றதே என்று முழங்காலின் கீழ் தலையணை வைப்பதும், நாள் முழுவதும் கதிரையில் இருத்திவைப்பதும் சில வாரங்களில் மூட்டை இறுகச் செய்துவிடும். பின்னர் நல்ல செயற்கைக் கால் கிடைத்தாலும் பொருத்துவது கடினம். முழங்காலை நீட்டி வைத்தல், மேல்மட்ட நீக்கமாயின் வைத்தியர் அனுமதித்தபின் தினமும் சிறிது நேரம் குப்புறப் படுத்தல், சொல்லப்பட்ட முறையில் துணிப்பட்டி சுற்றுதல் ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை. தமிழில் யாராவது விளக்கிச் சொல்வதே தேவை.

செயற்கைக் காலைப் பொதுவாக 'ஜெய்ப்பூர் கால்' என்றே எமது மக்கள் அழைக்கின்றனர். சரியாகச் சொல்வதாயின் அப்பெயர் பாதப் பகுதிக்கே உரியது. 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூர் நகரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் இதனை உருவாக்கினர். மேலைத்தேயச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் இருப்பதற்கென அமைக்கப்பட்டது. குதியின் உயரத்துக்கு ஏற்பவே கால் நேராக்கப்படும். சப்பாத்தைக் கழற்றினால் சமநிலை கெடும். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வெறுங்காலுடன் செல்பவர்கள், வயலில் இறங்குபவர்கள், சம்மணமிட்டு இருப்பவர்கள் அதனை என்ன செய்வது? ரப்பரால் ஆன ஜெய்ப்பூர் பாதம் இக்கேள்விக்கே விடையாக அமைந்தது. யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட ஜெய்ப்பூர் நிலையத்தின் வழியாகவே இச்சொல் எமது பேச்சில் ஊன்றியது.

பாதத்தைவிட முக்கியமானது 'சொக்கெட்', அதாவது எஞ்சிய அவயவம் உள்ளே இருக்கும் கூடு. முதல் மாதங்களில் வீக்கம் வற்றி அவயவம் மெலிவதால் கூடு தளர்வடையும். உறைகளைக் கூட்டி அணிய வேண்டிவரும். பின்னர் கூட்டையே மாற்ற வேண்டிவரும். இதனை அறியாதவர் கால் சரியில்லை என்று அதனை மூலையில் சாத்திவிடுகின்றார்.

இல்லாத பாதம் அரிப்பதாகவும் எரிவதாகவும் உணர்வோர் பலர். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த சைலஸ் வியர் மிட்செல் 1871இல் இதற்கு 'மாய அவயவம்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டார். இது வெட்டிய இடத்து வலியிலிருந்து வேறானது, மருந்தும் வேறுபடும். தமிழகத்தைச் சேர்ந்த நரம்பியல் அறிஞர் விளையனூர் இராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடிப் பெட்டி முறையை அறிமுகப்படுத்தினார். எல்லோருக்கும் அது ஒரேயளவில் பலன் தருவதில்லை. பித்துப்பிடித்துவிட்டதென்று சொல்வார்களோ என அஞ்சி இவ்வலியை மறைப்பவருக்கு, அதற்கொரு பெயர் உண்டு என்பதே பாதி ஆறுதல்.

இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் மானிப்பாயை நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1864 முதல் அங்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்', 1872இல் உடற்கூற்றியல் பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' ஆகிய நூல்கள் வெளிவந்தன. தமிழ் 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியுமாயிற்று. ஆகவே குறைபாடு மொழியில் இல்லை.

பெரிய திட்டமெதனையும் நாம் கோரவில்லை. அவயவ நீக்கத்துக்குச் சம்மதம் பெறும் படிவத்துடன் ஒரு காலின் படம் இணைக்கப்பட்டு, வெட்டு வரும் இடம் அதிற் கோடிட்டுக் காட்டப்படட்டும். அகற்றப்படும் அவயவத்தைப் பெற்று நல்லடக்கம் செய்ய விரும்பும் குடும்பத்தினரிடம் அது குறித்து முன்னரே கேட்கப்படட்டும். நோயாளி வீடு செல்லும் நாளில் மட்டத்தின் பெயர், மூட்டை நீட்டி வைக்கும் முறை, செயற்கைக் காலுக்கு எங்கே, எப்போது செல்ல வேண்டும் என்பன தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப்படட்டும். சுகாதார அமைச்சு முன்வரும் வரை காத்திராமல், விரும்பும் எந்த விடுதியும் நாளையே இதனைத் தொடங்கலாம்.